பல்லை நறநறன்னு கடிச்சா உடனே பூச்சி மருந்தா? கொஞ்சம் நில்லுங்க மக்களே!

1/ பிள்ளை தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்குதா? நம்ம ஊர்ல தீர்ப்பு ரெடியா இருக்கும்: "வயித்துல பூச்சி". மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தா கேஸ் முடிஞ்சுது. பெரியவங்க கடிச்சா? "மனசுக்குள்ள கோவத்தை வெச்சிருக்கா". மருமகளா இருந்துட்டா "வீட்டுக்கு ஆகாது"ன்னு சேர்த்து ஒரு பட்டம். இந்தத் தீர்ப்புகளை எதிர்த்துத்தான் இந்த இழை.

2/ இதுக்குப் பேரு ப்ரக்ஸிசம். தூக்கத்துல மூளை சில நொடிகள் லேசா விழிக்கும்போது தாடைத் தசைகள் தானா இயங்குது. கடிக்கிறவருக்கே தெரியாது. அப்புறம் அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

3/ "டாக்டர், பூச்சி மருந்து கொடுத்ததும் நின்னுச்சே!" நிக்கும். பல் கடிக்கிறது சில வாரம் அதிகமாகும், சில வாரம் தானா குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர போயிடும். பேரு மட்டும் மாத்திரைக்கு! பூச்சிதான் காரணம்னு உறுதியா நிரூபிச்ச ஆதாரம் கிடையாது.

4/ இதைப் படிச்சுட்டு குடற்புழு மாத்திரையே வேண்டாம்னு கிளம்பிடாதீங்க. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாட்களை ஒட்டி 1 முதல் 19 வயசு வரைக்கும் தர்ற அல்பெண்டசோலை அவசியம் போடுங்க. அது ரத்தசோகை, ஊட்டச்சத்துக் குறைபாட்டைத் தடுக்க. பல் கடிக்கிறதுக்கு இல்ல.

5/ என் கோபம் மாத்திரை மேல இல்ல. "பூச்சி"ன்னு சொன்ன உடனே அடுத்த கேள்வி நின்னு போகுதே, அது மேல. குழந்தை குறட்டை விடுதா? வாயைத் திறந்தே தூங்குதா? படுக்கையில சிறுநீர் போகுதா? பகல்ல எரிச்சலா, கவனம் இல்லாம இருக்கா? ஆமான்னா அடினாய்டு, டான்சில் வீங்கி மூச்சை அடைக்கலாம். இ.என்.டி டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு வருஷக்கணக்கா பூச்சி மருந்தே ஓடிட்டு இருக்கும்.

6/ பெரியவங்களுக்கு வருவோம். காலையில தாடை வலி, நெத்திப்பொட்டுல தலைவலி, பல் கூச்சம், அடைச்ச பல் திரும்பத் திரும்ப உடையுறது, இதெல்லாம் அறிகுறி. மன அழுத்தம், அளவுக்கு மீறின காபி, மது, புகை எல்லாம் இதைக் கூட்டும். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மருந்துகளாலயும் சிலருக்கு வரும். மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க.

7/ அடுத்தது நைட் கார்டு. "இதைப் போட்டா பல் கடிக்கிறதே நின்னுடும்"னு விற்கிறவங்க கிட்ட ஏமாறாதீங்க. அது ஹெல்மெட் மாதிரி. விபத்தைத் தடுக்காது, மண்டையைக் காப்பாத்தும். தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது, அதனால பல் தேய்றவங்களுக்குக் கார்டு கண்டிப்பா பிரயோஜனம்தான். ஆனா கார்டுல பள்ளம் விழுதுன்னா கடிக்கிறது தொடருதுன்னு அர்த்தம். அது ஏன்னு யாராவது கேக்கணும்ல?

8/ முக்கியமா, பலத்த குறட்டை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, பகல் முழுக்கத் தூக்கம் இருந்தா முதல்ல தூக்கப் பரிசோதனை. அது ஸ்லீப் அப்னியாவா இருக்கலாம். மேல் தாடைக்கு மட்டும் போடுற கார்டு சிலருக்கு அந்த மூச்சுத் திணறலை அதிகமாக்கலாம்.

9/ கார்டு வேணும்னா பல் டாக்டர் அச்சு எடுத்துச் செய்றதைப் போடுங்க. ஆன்லைன்ல வர்ற, வெந்நீர்ல போட்டுக் கடிக்கிற மெத்து பிளாஸ்டிக் சரியா பொருந்தாது, சிலர் அதை இன்னும் மென்னு கடிப்பாங்க. தினம் காலையில சாதாரணத் தண்ணியில பிரஷ் பண்ணி உலர வைங்க. கொதிநீர்ல போட்டா நெளிஞ்சிடும். வளர்ற குழந்தைக்கு நீங்களா கார்டு வாங்கிப் போடாதீங்க, பால் பல் விழும், தாடை வளரும்.

10/ இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. பல் கடிக்கிறவர் பக்கத்துல பத்து நிமிஷம் உட்காருங்க. போன்ல சத்தத்தோட வீடியோ எடுங்க. மூச்சு எப்படி வருதுன்னு கவனிங்க. அந்த வீடியோவோட டாக்டரைப் பாருங்க.

பூச்சி மருந்தா, கார்டான்னு முடிவு பண்றது அதுக்கப்புறம்.