ஜெர்மனி அழைக்கிறது, யாரை?

இந்தியத் தொழில் நிபுணர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அன்றைய சான்சலர் ஷோல்ஸ் டில்லிக்கு வந்திருந்தபோது வெளியான செய்தி அது. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மவர் வீடுகளில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் இருந்தால், ‘ஜெர்மனிக்கு அனுப்பலாமா?’ என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஜெர்மனிக்கு ஆள் தேவை என்பதில் ஐயமில்லை. கடைசி மூன்று அணுமின் நிலையங்களை 2023 ஏப்ரலில் அந்நாடு மூடிவிட்டது. நிலக்கரி மின்சாரத்தையும் 2038-க்குள் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. 2030-க்குள் சூரிய மின்திறனை 2,15,000 மெகாவாட் ஆக்குவது திட்டம். 2025 தொடக்கத்தில் எட்டியது 1,00,000 மெகாவாட்தான். வீட்டைச் சூடாக்க எரிவாயுக் கொதிகலனுக்குப் பதிலாக ‘ஹீட் பம்ப்’ வைக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஏ.சி.யைத் திருப்பி வைத்தது போன்ற சாதனம் அது. ஆண்டுக்கு 5 லட்சம் வைக்க எண்ணினார்கள். 2024-ல் விற்றது 2 லட்சத்துக்கும் குறைவு. விலை, சட்டக் குழப்பம் என்று காரணங்கள் பல. ஆனால் கூரையில் ஏறித் தகடு பொருத்த எலெக்ட்ரீஷியனும், குழாய் இணைக்கப் பிளம்பரும் வேண்டுமே! அங்கே ஆள் பஞ்சம் மிகுந்த தொழில்களில் இவை இரண்டும் முன்வரிசையில் நிற்பவை.

இனி, விதிகளைப் பார்ப்போம். 2024 ஜூன் முதல் ‘வாய்ப்பு அட்டை’ என்று ஒன்றைத் தருகிறார்கள். வேலை கிடைக்காமலே அங்கு போய் ஓராண்டு தங்கி வேலை தேடலாம். பட்டம் வேண்டும்; இல்லையேல் சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, இரண்டாண்டுக்குக் குறையாத தொழிற்படிப்பு வேண்டும். நம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு இரண்டாண்டு. பிளம்பர், வெல்டர் படிப்புகளோ ஓராண்டுதான். ஆகவே ஹீட் பம்ப் வைக்க எவன் தேவையோ, அவன் அந்தச் சான்றிதழை மட்டும் நீட்டினால் வாசலிலேயே நின்றுவிடுவான். பம்பாய் அடுக்குமாடிகளில் பத்தாண்டு குழாய் மாட்டிய அனுபவமும் இந்தக் குறையை ஈடு செய்யாது.

பணமும் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் ஓராண்டுச் செலவுக்கு வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். கம்ப்யூட்டர் என்ஜினீயருக்கு இது முடியலாம். தொழிலாளி வீட்டில் நகையும் நிலமும் போனாலும் எட்டாது.

ஜெர்மனி இப்படித் தயங்குவது புதிதன்று. 1955-ல் இத்தாலியுடனும் 1961-ல் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்து சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஆள் எடுத்தது மேற்கு ஜெர்மனி. ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று பெயர். துருக்கியர் இரண்டாண்டில் திரும்பிவிட வேண்டும் என்பது முதல் ஏற்பாடு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குப் பயிற்சி தர முதலாளிகளே விரும்பாததால் 1964-ல் அதைக் கைவிட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். அப்போது அங்கிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர் சுமார் 26 லட்சம். போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்ததும் பலர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். விருந்தாளி அண்டை வீட்டுக்காரனாகிவிட்டான்; அதை ஒப்புக்கொள்ள அரசியல்வாதிகளுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 2000-ல் கம்ப்யூட்டர் நிபுணர்களை அழைக்க முற்பட்டபோதுகூட, இந்தியருக்குப் பதில் நம் பிள்ளைகளைப் பெருக்குவோம் என்ற பொருளில் கோஷம் கிளம்பியது.

இன்றும் அந்த இழுபறி தீரவில்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் ‘ஜெர்மனிக்கான மாற்று’க் கட்சி 20.8 சதவீத வாக்குடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அயல்நாட்டார் குடியேற்றத்தையும் காற்றாலையையும் ஒருசேர எதிர்க்கும் கட்சி அது. அந்த அச்சத்தில் மெர்ஸ் அரசு, நன்கு கலந்து பழகியவர்களுக்கு மூன்றே ஆண்டில் குடியுரிமை தரும் வழியை 2025 அக்டோபரில் அடைத்துவிட்டது. இனி எல்லோருக்கும் ஐந்தாண்டு. அகதிகள் மீது எழுந்த கோபம், வேலைக்கு அழைக்கப்பட்டு வந்தவன் தலையிலும் விழுகிறது. மின்துறை அமைச்சகம் 2030-க்குக் கணக்குப் போடுகிறது. உள்துறையோ அடுத்த தேர்தலுக்குக் கணக்குப் போடுகிறது. இரண்டும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசியதாகத் தோன்றவில்லை.

இந்தியாவுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2022 டிசம்பரில் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 90,000-ஐ ஒரு லட்சமாக்கச் சொல்லிக் கேட்பதைவிட, ஓராண்டு ஐ.டி.ஐ.யோடு இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தால் இரண்டாண்டுப் படிப்புக்குச் சமம் என்று ஏற்கும்படி டில்லி கேட்கலாம். பிளம்பர் படிப்பை நாமே இரண்டாண்டாக்கினால் என்ன என்றும் யோசிக்கலாம். ஆனால் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு வைக்க 2024-ல் நம் அரசே திட்டம் அறிவித்திருக்கிறது. அதற்கும் எலெக்ட்ரீஷியன் வேண்டும். பையனின் சான்றிதழ் இரண்டாண்டுப் படிப்பா, அரசு முத்திரை உள்ளதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஜெர்மன் மொழி வகுப்புக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.