சட்டைப் பைக்குள் புக முடியாத மைக்ரோஸாப்ட்

ஆபீஸ் மேஜை மீதிருக்கும் கம்ப்யூட்டர் என்றால் அது பெரும்பாலும் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். அந்த ராஜ்யத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியிடமிருந்து பறிக்க இதுவரை எவராலும் இயலவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் மேஜையை விட்டு மனிதனுடைய சட்டைப் பைக்குக் குடிபெயர்ந்தபோது, அக்கம்பெனி வாசலிலேயே நின்றுவிட்டது. இன்று உலகத்தில் உபயோகத்திலுள்ள ஸ்மார்ட் போன்களில் ஏறக்குறைய எல்லாமே கூகிளின் ஆண்டிராய்டிலோ, ஆப்பிளின் ஐ.ஓ.எஸ்.ஸிலோதான் இயங்குகின்றன. இனியாவது மைக்ரோஸாப்டுக்கு இத்துறையில் இடம் உண்டா?

முன்யோசனை இல்லாமல் கெட்டுப்போன கம்பெனி என்று இதைச் சொல்லிவிட முடியாது. 2001-லேயே பில் கேட்ஸ், ஐந்து வருஷத்துக்குள் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கம்ப்யூட்டர் டாப்லெட்டாகவே இருக்கும் என்று ஜோசியம் கூறினார். 2002-ல் அதற்கென்றே ஒரு விண்டோஸ் பதிப்பும் வெளிவந்தது. ஜோசியம் முழுப் பொய்யல்ல. பலன்தான் வேறொருவருக்குப் போயிற்று. கேட்ஸின் டாப்லெட், மேஜைக் கம்ப்யூட்டரையே பேனாவினால் இயக்கும் ஏற்பாடு. கனமும் அதிகம், விலையும் அதிகம். ஆப்பிளோ தன் ஐபேடை டெலிபோனிலிருந்து வளர்த்து, விரலுக்கு ஏற்றபடி அமைத்து, 2010-ல் கடைக்கு அனுப்பியது.

டெலிபோன் விஷயத்தில் நேர்ந்தது வெறும் அலட்சியம். 2007-ல் ஐபோன் அறிவிக்கப்பட்டபோது, ஐந்நூறு டாலருக்கு, எழுத்துப் பொத்தான்களும் இல்லாத போனா என்று அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் சிரித்தார். பிறகு விழித்துக்கொண்டு 2010 கடைசியில் விண்டோஸ் போனை வெளியிடுவதற்குள், கூகிள் ஆண்டிராய்டைப் போன் உற்பத்தியாளர்களுக்கு இனாமாகவே வழங்கிக்கொண்டிருந்தது. மைக்ரோஸாப்டோ போன் ஒன்றுக்கு இவ்வளவு என்று லைஸென்ஸ் கட்டணம் கேட்டது. சிறிய கருவிகளுக்கு அதை விட்டுக் கொடுத்தது 2014 ஏப்ரலில்தான். இனாமாகச் சோறு போடும் சத்திரத்துக்கு எதிரே ஹோட்டல் வைத்தவனுடைய கதைதான்!

ஆனால் உண்மையான வியாதி வேறு. போன் வாங்குகிறவன் அதன் பளபளப்புக்காக மட்டும் வாங்குவதில்லை. பாங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், விளையாட்டு, அரட்டை ஆகியவற்றுக்கான 'ஆப்'களுக்காகவே வாங்குகிறான். ஆப் எழுதுகிறவர்களோ, ஜனங்கள் கூடுகிற சந்தையில்தான் கடை விரிப்பார்கள். ஜனம் வராததால் ஆப் இல்லை. ஆப் இல்லாததால் ஜனம் வரவில்லை. போதாக்குறைக்கு, மைக்ரோஸாப்ட் தானே தயாரித்த யூடியூப் ஆப்பைக் கூகிள் 2013-ல் முடக்கிவிட்டது. அதை விடுங்கள், எதிரியின் காரியம். 2012-ல் விண்டோஸ் போன் 8 வந்த சமயம், முந்தைய போன்களில் அதை ஏற்ற முடியாது என்று மைக்ரோஸாப்டே கையை விரித்ததே! நம்பி வந்த சிலரையும் நடுத்தெருவில் விட்ட அந்தச் செய்கையை மன்னிப்பது கஷ்டம்.

பணத்தாலும் நிலைமையைச் சீர்ப்படுத்த முடியவில்லை. 2012-ல் வந்த ஸர்பேஸ் ஆர்.டி. டாப்லெட் விற்காமல் தேங்கியதால் மறு வருஷமே 90 கோடி டாலர் நஷ்டம் எழுதப்பட்டது. நோக்கியாவின் போன் தொழிலை 544 கோடி யூரோவுக்குப் பேசி, 2014 ஏப்ரலில் கையேற்றார்கள். அதன் பேரில் 2015 ஜூலையில் எழுதிய நஷ்டம் 760 கோடி டாலர்; கூடவே 7,800 பேருக்கு வேலை போயிற்று.

இந்த நெருப்பின் சூடு நம் ஊரிலும் பட்டது. வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை விற்பனையில் சேரவில்லை. அங்கிருந்து போன் வாங்கும் ஒப்பந்தத்தை மைக்ரோஸாப்ட் முடித்துக்கொண்டதும், 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலையிழந்தனர். இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன.

2014 பிப்ரவரியில் தலைமை ஏற்ற ஸத்ய நாதெள்ளா பாதையை மாற்றினார். சொந்த வீடு இல்லாவிட்டால் வாடகை வீட்டிலாவது கடை வைப்போம் என்பது அவர் கொள்கை. அடுத்த மாதமே 'ஆபீஸ்' ஐபேடில் ஏறியது. 2020-ல் கம்பெனி விற்ற இரட்டைத் திரை 'டுவோ' போன்கூட ஆண்டிராய்டில்தான் ஓடியது, அதுவும் நிலைக்கவில்லை. போன் தொழிலிலிருந்து வெளியேறிய விதம் சரியில்லை என்று நாதெள்ளாவே 2023-ல் ஒப்புக்கொண்டார்.

இனி மூன்றாவதாக ஒரு போன் ஸிஸ்டத்தைக் கொண்டுவந்து வெல்வது நடவாத காரியம். டாப்லெட்டில் ஸர்பேஸ் பிழைத்திருக்கிறது. ஆனால் எழுத்துப் பலகையை மாட்டி, மடிக் கம்ப்யூட்டராக உபயோகிப்பவர்களே அதை நாடுகிறார்கள். எஞ்சியிருப்பது வாடகைக் கடை ஒன்றே. அதில் வருமானம் உண்டு. ஆயினும் ஆப்பினுள் நடக்கும் விற்பனையில் 30 சதவீதம் வரை சுங்கம் கேட்பவர்கள் வாசலில் இருக்கிறார்கள். மைக்ரோஸாப்ட் இப்போது பெரிதும் நம்பியிருக்கும் 'கோபைலட்' என்ற செயற்கை அறிவும், ஆப்பிள், கூகிள் ஆகிய இருவருடைய கடைகளின் வழியாகவே ஜனங்களின் போனுக்குப் போய்ச் சேருகிறது.