கணக்கில் ஏறாத கடன்



கணக்கு என்றதும் நம் குடும்பங்களில் இருவகை முகங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மாதக் கடைசியில் மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் இல்லத்தரசியின் முகம். மற்றொன்று, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்பொழுது கொட்டாவி விடும் அங்கத்தினரின் முகம். முன்னவருக்குக் கணக்கின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னவரை உத்தேசித்தே இம்மாதக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற பொங்கல் விழாவின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு அடியேனிடம் வந்தது. பந்தல், அரிசி, வெல்லம், ஒலிபெருக்கி, குழந்தைகளுக்குப் பரிசு என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது இருந்தது. கூட்டிப் பார்த்ததில் ஒரு பைசாவும் பிசகவில்லை. மனநிறைவோடு கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பினேன். கொச்சங்காடிக்குப் போகும் வழியில், தோட்டோரமாக ஒரு குவியல் கண்ணில் பட்டது. காகிதத் தட்டுகளும் பிளாஸ்டிக் குவளைகளுமாகக் கிடந்த அக்குவியலின் மேல் நம் சங்கத்தின் பெயர் பொறித்த துணித் தோரணம் ஒன்றும் கிடந்தது. பாதி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். குப்பை அகற்றிய செலவு என்று ஒரு வரியும் இல்லை. செலவு இல்லையே என்று நாம் மகிழ்ந்த இடத்தில் உண்மையில் ஒரு கடன் இருந்தது. தோடு அடைபட்டு, மழைக்காலத்தில் எவர் வீட்டுத் திண்ணைக்குத் தண்ணீர் ஏறுகிறதோ, அவர் நமக்காக அக்கடனைச் செலுத்துவார். அவர் நம் சங்கத்தின் அங்கத்தினரும் அல்லர். நம் பொங்கலை உண்டவரும் அல்லர். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் முழுமையாக இல்லை. அதன் கீழ் இருந்த கையெழுத்து என்னுடையது.

ரயில்வே ஸ்டேஷன் கணக்கில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சரக்குக்கோ பயணச்சீட்டுக்கோ கட்டணத்தைக் குறைத்து வசூலித்துவிட்டால், அக்குறை மறைந்து போய்விடாது. கணக்கு அலுவலகம் அதைக் கண்டுபிடித்து, ஸ்டேஷன் பெயரில் டெபிட் எழுதி அனுப்பும். அது தீரும் வரையில் மாதந்தோறும் பாலன்ஸ் ஷீட்டில் நிலுவையாக நின்றுகொண்டேயிருக்கும். யாருடைய பிழை என்று கேட்பதற்கு ஒருவரும், பதில் சொல்வதற்கு ஒருவரும் இருப்பார்கள். ஊராரின் கிணற்றுக்கும் காற்றுக்கும் குறைவு செய்பவர்களுக்கு இப்படியொரு டெபிட் எழுதி அனுப்பும் அலுவலகம் எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு உண்டு.

பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா, பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்த சிற்றூர் பிளாச்சிமடை. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய, தமிழ் பேசுவோரும் மிகுதியாக வாழும் பகுதி அது. அங்கே 2000ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் கொக்கோ கோலா கம்பெனியார் குளிர்பானத் தொழிற்சாலை தொடங்கினர். பானத்துக்கு வேண்டிய நீரை நிலத்தடியிலிருந்து ஆழ்குழாய்க் கிணறுகள் மூலம் எடுத்தனர். சில காலத்திற்குள், தங்கள் கிணறுகளில் நீர் தாழ்ந்துவிட்டது என்றும், எஞ்சிய நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவவில்லை என்றும் ஜனங்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் மாதத்தில் தொழிற்சாலை வாசலில் போராட்டம் ஆரம்பமாயிற்று. அதன் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி. 2007இல் அவர் காலமானார்.

இவ்விஷயத்தைக் கணக்குப் பிள்ளையின் கண்கொண்டு பார்ப்போம். சர்க்கரை வாங்கினால் கம்பெனியின் பேரேட்டில் பற்று ஏறும். பாட்டில் வாங்கினால் ஏறும். மின்சாரத்துக்கு ஏறும். பூமிக்கடியிலிருந்து எடுத்த தண்ணீருக்கோ, அதை இறைத்த மோட்டாரின் செலவு ஏறுமேயன்றி, நீருக்கு விலை ஏறாது. அதை விற்றவர் என்று ஒருவர் இல்லையே! விற்றவர் இல்லாத இடத்தில் ரசீது இல்லை. ரசீது இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. தொழிற்சாலையில் மிஞ்சிய சேற்றுக் கழிவை, உரம் என்று சொல்லி அண்டையிலிருந்த விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003இல் பி.பி.சி. வானொலியார் அதைச் சோதிக்கச் செய்தபொழுது, காட்மியமும் ஈயமும் அதில் இருப்பது வெளியாயிற்று. கழிவை அப்புறப்படுத்தும் செலவாக எழுதப்பட வேண்டிய ஒன்று, உழவனுக்கு அளித்த உபகாரமாக உருமாறிய விந்தையை என்னென்பது!

பெருமாட்டி பஞ்சாயத்து, தன் வரி வருமானத்துக்கு நஷ்டம் வரும் என்பதை அறிந்தும், 2003இல் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு ஹைகோர்ட்டுக்குச் சென்றது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதற்குத் தர்மகர்த்தாவே என்ற கருத்தில் தனி நீதிபதி 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005இல் டிவிஷன் பெஞ்சு அத்தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரையில் எடுக்கலாம் என்று கூறியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டை எட்டியது. அங்கே தொழிற்சாலையை மீண்டும் திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியார் 2017இல் தெரிவித்துவிட்டனர்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இவற்றின் இடையே நடந்த ஒரு காரியம். கேரள அரசு உயர்மட்டக் கமிட்டி ஒன்றை நியமித்தது. உயர் அதிகாரி கே. ஜெயகுமார் அதன் தலைவர். 2010இல் அக்கமிட்டி அளித்த அறிக்கையில், ஊருக்கு விளைந்த நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. விவசாய நஷ்டம் சுமார் 84 கோடி. நீர்நிலைகள் கெட்டதற்கு 62 கோடி. உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி. குடிநீர் வழங்கும் செலவுக்கு 20 கோடி. கூலி இழப்புக்கும் கைநழுவிய வாய்ப்புகளுக்கும் 20 கோடி.

அன்பர்கள் கடைசி இனத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தொலைவு நடந்தால், அன்றைய வேலை போயிற்று. அக்கூலியை எந்த முதலாளியும் பிடித்தம் செய்யவில்லை. எந்தப் பேரேட்டிலும் அது குறையவில்லை. அவளுடைய அடுப்பில் மட்டும் குறைந்தது. அதையும் ஒரு தொகையாக எழுதி, இன்னார் தர வேண்டியது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியதே அக்கமிட்டியின் சிறப்பு.

தொகை வந்து சேர்ந்ததா? நஷ்ட ஈட்டைத் தீர்மானிக்கத் தனி டிரிப்யூனல் அமைப்பதற்கான மசோதாவைக் கேரள சட்டசபை 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே டெபிட் எழுதியாயிற்று; வசூலாகவில்லை. வசூலாகாத கடனை எழுதி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். எழுதாத கடன் என்றைக்கும் வசூலாகாது என்பதே அதற்கு விடை. எழுதி வைத்தது நிலுவை. எழுதாதது வெறும் புலம்பல்.

கணக்குக் கேட்பது மேல்நாட்டாரிடம் நாம் கற்ற பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர்ச்சபைக்குக் குடவோலை மூலம் வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது; அவருடைய உறவினரும் வரக் கூடாது என்பது விதி. அங்கே ஆண்டு வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு ஏரி வாரியமும் இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொண்டவர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தார்.

நம் காலத்திலும் ஒரு தமிழ்ப் பெண்மணி இத்துறையில் பெயர் பெற்றிருக்கிறார். சென்னையில் பிறந்த அருணா ராய், ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தைத் துறந்து ராஜஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்றவர். அவரும் தோழர்களும் 1990இல் நிறுவிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பர் முதல் கிராமங்களில் பொது விசாரணைகளை நடத்தியது. அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் நடுவில் உரக்க வாசிப்பார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால், எழுதப்படிக்கத் தெரியாதவரும் எழுந்து நின்று மறுத்துச் சொல்லிவிடுவார். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறப்பதற்கு இவ்வியக்கம் ஒரு முக்கிய காரணமாயிற்று. அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டமும் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆக, தணிக்கைக்குப் பட்டம் பெற்ற ஆடிட்டர் மட்டும் போதாது. வேலை செய்த கையும், தண்ணீர் குடித்த வாயும் சாட்சி சொல்ல வேண்டும்.

கம்பெனிகளுக்கும் இப்பொழுது சில விதிகள் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல விதிதான். ஆயினும் அது கொடுத்ததற்குக் கணக்கு. எடுத்ததற்குக் கணக்கு ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்த கம்பெனி, அப்பள்ளியின் கிணற்றைக் கெடுத்ததா என்பதை அந்த 2 சதவீதம் சொல்லாது. இக்குறையை ஒருவாறு நிரப்புவதற்காக, பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள் தாம் எடுத்த நீர், எரித்த எரிபொருள், வெளியேற்றிய கழிவு, தொழிலாளர் நிலை ஆகியவற்றை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று செபி விதித்தது. 2022-23ஆம் ஆண்டு முதல் அது கட்டாயமாயிற்று. ஆனால் எழுதுகிறவர் கம்பெனியாரே. அச்சிட்ட அறிக்கையை ஊரார் படித்து, கிணற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தாலொழிய அதனால் முழுப் பிரயோஜனம் இல்லை.

பெரிய கம்பெனிகளைப் பற்றிப் பேசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது தகாது. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்ததும், பத்து நாட்களுக்கு மேல் கொச்சி நகரம் புகையில் திணறியதும் அன்பர்கள் அறிந்தவையே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்து உத்தரவிட்டது. எரிந்த குப்பை யாருடையது? பல ஆண்டுகளாக நாம் ஒவ்வொருவரும் வாசலில் வைத்துவிட்டு, அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று கதவைச் சாத்திக்கொண்ட குப்பைதான் அது. மாநகராட்சி பணம் கட்ட வேண்டுமானால், அதுவும் நம் வரிப்பணமே. எழுதாமல் விட்ட வரி சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்து சேர்கிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஆண்டு வரவு செலவுக் கணக்கோடு இனி மற்றொரு பக்கமும் சேர்ப்போம். அதற்கு, “ஊராருக்கு நாம் பட்ட கடன்” என்று தலைப்பிடலாம். விழாவில் சேர்ந்த குப்பை எவ்வளவு, எங்கே போயிற்று. பாத்திரம் கழுவ வந்த பெண்களுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, அது எத்தனை மணி நேர வேலைக்கு. ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நின்றது என்ற மூன்று வரிகள் போதும். அப்பக்கத்தைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்பொழுது, நம் அயல்வீட்டு மலையாளச் சகோதரர் இருவரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். தவறு இருந்தால் அவர்கள் சொல்லட்டும். பிழைப்புக்காக வந்த ஊரில் நமக்குள்ள நற்பெயர், வங்கியில் உள்ள நம் சேமிப்பைவிடக் குறைந்ததல்ல.

தோட்டோரத்துக் குவியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க இளைஞர் மூவரும் அடியேனும் போய் அள்ளினோம். கரையில் கிடந்தது வந்தது. தண்ணீரில் போனது போனதுதான். அள்ளியதைக் கொண்டுபோக வண்டிக்குக் கொடுத்த கூலியைப் பொங்கல் கணக்கின் கீழ் ஒரு வரியாகச் சேர்த்து, காரியதரிசியின் சம்மதத்தோடு மீண்டும் கையெழுத்திட்டேன். இதனால் கையிருப்பு சற்றுக் குறைந்துவிட்டது. பொதுக்கூட்டத்தில் எவரேனும் அதைக் குறித்துக் கேட்டால், எழுந்து நின்று பதில் சொல்லச் சித்தமாயிருக்கிறேன்.