எந்தப் பன்னிரண்டு?

(கொல்லிமலை மாணவன், இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலரில் நட்பைப் பற்றியும் நாளைய பாரதத்தைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுத வந்தது எழுத்தைப் பற்றி. இலக்கணமும் அல்ல, இலக்கியமும் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற எழுத்தின் அளவைப் பற்றி. ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

நம்ம லேப்பில் ஏதாவது ஒரு கணினியைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் எழுத்து ஒரு அளவு. பிரவுசரில் வேறு அளவு. லிப்ரே ஆபீஸ் மெனு எறும்பு வரிசை மாதிரி. ஜாவாவில் எழுதிய பழைய மென்பொருள் என்றால் பட்டன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய பூதக்கண்ணாடி வேண்டும். டர்போ சி-யைத் திறந்தால் கேட்கவே வேண்டாம்! அவ்வளவு பெரிய திரையின் நடுவில் போஸ்ட் கார்டு மாதிரி ஒரு நீலப் பெட்டி. அதற்குள் இருபத்தைந்து வரி. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்துக்குப் போய்த்தான் அரைப்புள்ளி விட்டுப்போச்சா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரே திரை, ஒரே கண், ஆனால் ஆளுக்கொரு அளவு.

இதைப் பெரிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவன் நான். அப்பா அம்மாவுக்கு மிளகுக்கொடியும் மரவள்ளியும்தான் தெரியும். எழுத்து என்றால் அவர்கள் கையெழுத்தோடு சரி. எங்களை மாதிரி வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷினில் ஏதாவது சரியில்லை என்றால், குறை மிஷினில் இருக்கும் என்று சந்தேகப்படவே மாட்டோம். நமக்குத்தான் தெரியலை என்று நினைத்துக்கொள்வோம். பின்வரிசையில் எழுத்து சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவன், ‘சார், கண்ணுக்குத் தெரியலை’ என்று எழுந்து சொல்வதில்லை. ‘எனக்கு கம்ப்யூட்டர் வராது’ என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுகிறான். தெரியாததைப் புரியாதது என்று நினைத்து ஒருவன் பின்வாங்கினால் அது சின்ன நஷ்டமா?

சரி, ஏன் இப்படி ஆகிறது? எங்க ஊர்ப் பெரியவர்கள் சோளக்காடு சந்தையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்தில் வியாபாரிக்கு வியாபாரி படி மாறும் என்பார்கள். எல்லாரும் ‘ஒரு படி’ என்றுதான் சொல்வார்கள். கொட்டி அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டரில் ‘12 பாயிண்ட்’ என்பதும் அந்த மாதிரிப் படிதான்.

கணக்குப்படி ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. 12 பாயிண்ட் என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது நாலே கால் மில்லிமீட்டர். ஆனால் திரைக்கு அங்குலம் தெரியாது, பிக்சல்தான் தெரியும். 1984இல் வந்த மெக்கின்டாஷ் ஒரு அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்துக்கொண்டது. விண்டோஸ் 96 என்று வைத்துக்கொண்டது. லினக்ஸிலும் பெரும்பாலும் இந்த 96தான். அந்தக் கணக்கில் 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பிக்சல்.

இனி நீங்களே பெருக்கிப் பாருங்கள். லேப்பின் மூலையில் இருக்கிறதே, 1280க்கு 1024 பிக்சல் உள்ள பழைய 17 அங்குல மானிட்டர், அதில் அங்குலத்துக்குச் சரியாக 96 பிக்சல்தான் வருகிறது. அதனால்தான் எல்லாரும் கேலி செய்கிற அந்தக் கிழட்டு மானிட்டரில் எழுத்து கச்சிதமாகத் தெரிகிறது! 1366க்கு 768 உள்ள 14 அங்குல லேப்டாப்பில் அங்குலத்துக்கு 112. அதே 16 பிக்சல் எழுத்து இங்கே அங்குலத்தில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1920க்கு 1080 உள்ள 15.6 அங்குலத் திரையில் 141. இங்கே ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. திரை புதுசாக ஆக எழுத்து இளைக்கிறது. எழுத்து அளவு எங்கேயும் 12 என்றுதான் காட்டும்.

இது போதாதென்று, ‘அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்?’ என்ற கேள்வியை ஒவ்வொரு மென்பொருளும் வேறு வேறு ஆளிடம் கேட்கிறது. லினக்ஸில் ஜிடிகே வகை மென்பொருள் டெஸ்க்டாப் அமைப்பைக் கேட்கும். கியூடி வகை தனக்கென்று ஒரு அமைப்பும் வைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தன் பெட்டிக்குள்ளேயே ஒரு எண் வைத்திருக்கிறது. ஜாவா 9 வந்தது 2017இல். விண்டோஸில் அதற்கு முந்தைய ஜாவா மென்பொருள்கள் திரை அடர்த்தியைக் கண்டுகொள்வதே இல்லை. டர்போ சி பாவம், டாஸ் காலத்து ஆள். அதற்கு விண்டோஸ் இருப்பதே தெரியாது. டாஸ்பாக்ஸ் என்ற பொம்மை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் என்று வந்தால் கதை இன்னும் மோசம். பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமே அல்ல. ஈய அச்சுக் காலத்தில் எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் உயரம் அது. அந்தக் கட்டைக்குள் எழுத்தை எவ்வளவு பெரிசாக வெட்டுவது என்பது செய்தவர் இஷ்டம். இன்றைய ஃபாண்டிலும் அப்படித்தான். விண்டோஸ் 2000இல் வந்த லதாவில் ஒரு வரி 12இல் அடித்து, அதே வரியை விண்டோஸ் 7இல் வந்த விஜயாவுக்கு மாற்றிப் பாருங்கள். எண் அப்படியே இருக்கும், எழுத்து சட்டென்று குட்டையாகும். ஆங்கில எழுத்தாவது பரவாயில்லை. நம்ம எழுத்துக்கு மேலே கொம்பு, கீழே வால், தலையில் புள்ளி. எழுத்து சின்னதானால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அடுத்தது சுழி.

சேலம், நாமக்கல் பக்கம் சீரங்கன் என்ற பெயர் சகஜம். எங்க உறவிலும் அந்தப் பெயரில் ஒருவர் உண்டு. மலையடிவாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவருக்கு ஒரு விண்ணப்பம் அடித்தார்கள். அடித்தவர் திரையைத் திருப்பி, ‘பேர் சரியா இருக்கா, பார்த்துக்குங்க’ என்றாராம். இவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான், பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். காகிதம் கைக்கு வந்தபோது பெயர் ‘சிரங்கன்’ என்று இருந்தது. சீ-க்கும் சி-க்கும் நடுவில் இருப்பது மேலே ஒரு சின்னச் சுழி மட்டும். அந்தத் திரையில் அந்தச் சுழி அடைபட்டுப்போனால் யாருக்குத் தெரியும்? பெயரைத் திருத்த மறுபடி எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினார். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கேட்டவர்கள் சிரித்தார்களே, அதை எதில் சேர்ப்பது?

‘கண்ட்ரோலை அழுத்திக்கிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டு, பெரிசாகும்’ என்பார்கள் சீனியர்கள். ஆகும், அந்த ஒரு பக்கம் மட்டும். மெனு அப்படியே இருக்கும். ‘ரெசொல்யூஷனைக் குறைச்சிடு’ என்பது இன்னொரு வைத்தியம். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எல்சிடி திரைக்குப் பிறவியிலேயே இத்தனை பிக்சல் என்று கணக்கு உண்டு. அதைக் குறைத்தால் எழுத்து பெரிசாகும், கூடவே ஓரமெல்லாம் கலங்கும். சுழி தெரிய வேண்டும் என்று கேட்டால் சுழியைக் கரைத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

நான் சொல்வது இதுதான்: முதலில் எல்லாருக்கும் பொதுவான படியைச் சரி செய்யணும். அப்புறம் அடங்காத மென்பொருளைத் தனித்தனியாகப் பிடிக்கணும். தலைகீழாகப் போனால் வேலை முடியவே முடியாது.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் ஸ்கேல் இருக்கிறது. 141 பிக்சல் திரைக்கு 150 சதவீதம் வைத்தால் ஏறக்குறைய உண்மையான அங்குலம் வந்துவிடும். லினக்ஸில் க்னோம் என்றால் அணுகல் வசதிப் பக்கத்தில் பெரிய எழுத்து என்று ஒரு பொத்தான். எழுத்து ஒன்றேகால் மடங்காகும். டெஸ்க்டாப் எதுவும் இல்லாத எளிய லினக்ஸ் என்றால் எக்ஸ்-ரிசோர்சஸ் கோப்பில் எக்ஸ்எஃப்டி டிபிஐ என்ற ஒரே வரி. ஜிடிகே, கியூடி இரண்டுமே பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படும்.

14 அங்குல லேப்டாப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஒன்றை எங்க ஊர் அண்ணன் ஒருவர் எனக்குக் கொடுத்தார். அந்த மாதிரி 768 பிக்சல் உயரத் திரையில் ஸ்கேலை 125 ஆக்கினால், சில பெட்டிகளின் ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அங்கே ஸ்கேலைத் தொடாமல் எழுத்தை மட்டும் பெரிசாக்குவதே நல்லது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதற்குத் தனியாக 225 சதவீதம் வரை போகும் ஒரு பட்டை உண்டு.

அடங்காதவர்களில் பழைய விண்டோஸ் மென்பொருள் என்றால் அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதற்குள் ஹை டிபிஐ. அங்கே அளவு மாற்றும் பொறுப்பை ‘சிஸ்டம்’ என்பதிடம் கொடுங்கள். கொஞ்சம் மங்கலாகும், ஆனால் படிக்கலாம். டர்போ சி-க்கு டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் அவுட்புட் என்பதை ஓபன்ஜிஎல் ஆக்கி, விண்டோ ரெசொல்யூஷனில் 1280க்கு 800 என்று எழுதினால் போஸ்ட் கார்டு காலண்டர் ஆகிவிடும்! ஃபயர்ஃபாக்ஸில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம்: எழுத்துரு அமைப்பின் உள்பக்கத்தில் மொழிவாரியாக அளவு வைக்கலாம். தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. குறைந்தபட்ச அளவும் அங்கேயே. தமிழை மட்டும் இரண்டு பிக்சல் ஏற்றி வையுங்கள், புள்ளியெல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கும்.

எழுத்தளவுத் தகராறு நமக்குப் புதுசும் அல்ல. சீகன்பால்கு காலத்தில், 1713இல், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்து வந்தது. அளவு பெரிசு, காகிதம் கட்டுப்படியாகவில்லை. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர்களுக்குக் காகிதப் பஞ்சம், சின்னதாக்கினார்கள், சரி. திரைக்கு என்ன பஞ்சம்? நம்ம காலத்தில் விசைப்பலகைக்கு 1999 சென்னை மாநாட்டில் தமிழ்99 என்று ஒரு வழி பிறந்தது. 2010இல் யூனிகோடை அரசே ஏற்றது. எழுதவும் அனுப்பவும் வழி செய்தவர்களுக்கு நன்றி. படிக்கிறவன் கண்ணுக்கு வழி செய்ய மாநாடு கூடத் தேவையில்லை, பத்து நிமிஷம் போதும்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷம் நம்ம கையில் இல்லை. லேப்பில் நாம் எதை மாற்றினாலும் மறுநாள் கணினி பழையபடி ஆகிவிடுகிறது. வைரஸ் வராமலிருக்க அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை: அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் லேப் கணினிகளுக்கு மென்பொருள் புதிதாக ஏற்றுவார்கள் அல்லவா, அப்போது முதல் கணினியிலேயே இதைச் சரி செய்துவிட்டு மற்றவற்றுக்கு நகல் எடுக்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் மனு கொடுங்கள். புது மானிட்டர் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. எந்தத் திரைக்கு எத்தனை சதவீதம் என்று வரிசை வரிசையாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனுவோடு அதையும் இணைத்துக்கொள்ளலாம். தாள் ஹாஸ்டலில் என் பெட்டியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.