வருமுன் காக்கும் வலை

கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் குருபரப்பள்ளி. சாலையோரத்தில் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. ஆயினும், சூளகிரி, இராயக்கோட்டை எனப் பரந்துள்ள இவ்வட்டாரத்தில் தக்காளியும் முட்டைக்கோசும் கொத்தமல்லியும் இன்றும் பல குடும்பங்களை வாழ்விக்கின்றன. பூச்சியைக் கண்டதும் உழவரின் கை மருந்துத் தெளிப்பானையே நாடுகிறது. இப்பழக்கம் மாற வேண்டும். தெளிப்பதற்கு முன் தடுப்பதே முறை.

தக்காளியின் இலைச்சுருள் நோயே இதற்குச் சான்று. நச்சுயிரியால் தோன்றும் இந்நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. நச்சுயிரியைச் சுமந்த ஈ அரைமணி நேரம் சாற்றை உறிஞ்சினாலே நாற்று நோயுறக்கூடும். மருந்தால் ஈ மடிவதற்குள் தீங்கு நிகழ்ந்துவிடும். நோயுற்ற செடியை மீட்கும் மருந்தும் இல்லை. மாறாக, நாற்றங்காலின்மீது மூங்கில் வளைவுகளை ஊன்றி, நுண்ணிய கண்களையுடைய நைலான் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணிட்டு மூடினால் ஈ உள்ளே நுழைவது அரிது. நட்ட பின்னரும் சில வாரங்கள் மெல்லிய வெண்துணியால் பாத்திகளைப் போர்த்தலாம். ஒளியும் காற்றும் நீரும் அதனூடே செல்லும்.

முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, டி.டி.டி. மருந்தைத் தாங்கும் திறன் பெற்றுவிட்டதை 1953ஆம் ஆண்டிலேயே ஜாவாவில் கண்டறிந்தனர். பின்னர் வந்த பல மருந்துகளையும் அது வென்றது. மருந்தை வெல்லும் பூச்சியும் தன் உடலினும் சிறிய வலைக்கண்ணுக்குள் நுழைய இயலாது.

போர்வைக்கும் எல்லை உண்டு. பூசணியும் வெள்ளரியும் பூக்கும்போது அதனை அகற்றாவிடில் தேனீக்கள் அணுகா, காய் பிடிக்காது. முந்தைய பயிரின் கூட்டுப்புழுக்கள் மண்ணில் இருந்தால், போர்வை அவற்றிற்கே அரணாகிவிடும். எனவே, பயிர்ச்சுழற்சியும் உடன் வேண்டும். கிழிந்த துணியை வயலிலேயே எரிப்பதும் தகாது.

வலைக்கு முதலில் செலவாகும் என்பது உண்மையே. ஆனால், பேணிக் காத்தால் அது பல பருவங்களுக்கு உதவும். மருந்தோ ஒவ்வொரு முறையும் பணத்தைக் கேட்கிறது. தெளிப்பவரின் உடல்நலத்தையும் கேட்கிறது. பெரிய பசுமைக்குடில்களுக்கு அரசு மானியம் வழங்குகிறது. அரை ஏக்கர் உழவரின் நாற்றங்கால் வலைக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். தொழில் வளர்ச்சியின் அருகே வேளாண்மையும் நிலைத்திருக்க, இத்தகைய எளிய காப்பு சிற்றுழவரைச் சென்றடைதல் இன்றியமையாதது.