மூன்று கடைக்கு ஒரு நியூட்ரல்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் அதையொட்டிய சந்துகளிலும் நாம் வணிகம் செய்யும் பழைய கட்டிடங்களில் சில, ஒரு காலத்தில் ஒரே கிட்டங்கியாக இருந்தவை. பிறகு குறுக்கே சுவர் எழுப்பி, மூன்று நான்கு கடைகளாக வாடகைக்கு விட்டார்கள். கடைக்கொரு மீட்டரும் வந்தது. மேலே ஓடும் பழைய வயரை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. கடைக்கு ஒரு பேஸ். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலோ எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதனாலென்ன என்றுதான் நாமும் இருந்தோம். சென்ற கோடையில் ஒரு மாலை, பக்கத்துக் கடையில் மிஷினைப் போட்டதும் அங்கே பல்பு மங்கிற்று. நம் கடை விளக்கோ பளிச்சென்று கூடிற்று. லைனில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனித்தோம். அரை மணியில் எலக்ட்ரானிக் தராசும் பிரிட்ஜும் புகைந்தன.

லைன் மேல் குற்றமில்லை. பரண்மேல் டேப் சுற்றியிருந்த பொது நியூட்ரல் ஜாயிண்ட் சூடேறிச் சூடேறி விட்டுப்போயிருந்தது. (எலியும் தன் பங்குக்குக் கடித்திருந்தது. மளிகைக் கடை எலிக்கு வெல்லமும் வயரும் ஒன்றுதான்.) நியூட்ரல் விட்டுப்போனால், இரண்டு கடைகளும் இரண்டு பேஸ்களுக்கு நடுவே ஒன்றோடொன்று கோத்ததுபோல் ஆகிவிடும். ஆளுக்கு 230 வோல்ட் என்பது போய், 400 வோல்ட்டை இருவரும் பங்கிட வேண்டும். பங்கும் நியாயமாக இராது. அங்கே 1000 வாட் ஹீட்டர், இங்கே 100 வாட் பல்பு என்று வையுங்கள். பல்புக்கு 360 வோல்ட்டுக்கு மேல் போகும், ஹீட்டருக்கு 40 கூட வராது. குறைவாகச் செலவழிப்பவனுக்கே அடி.

பொருள் போனது போகட்டும். பார்க்க வந்த வயர்மேன் நம் மெயினை இறக்கிவிட்டு நியூட்ரலைத் தொட்டதும் ஸ்டூலிலிருந்து விழுந்தார். பக்கத்துக் கடைக் கரண்ட் அதில் நின்றுகொண்டிருந்தது. பெரிய காயமில்லை, ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை. அதன்பின் எல்லாக் கடை மெயினையும் இறக்கச் சொல்லித்தான் கை வைத்தார்.

டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று கழற்றி வைத்திருப்போர் நம்மில் உண்டு. நியூட்ரல் பொதுவாக இருந்தால் அது விழத்தான் செய்யும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டரில் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அயலார் கரண்ட் கலக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பழைய போர்டில் நியூட்ரலுக்குத் தனி ப்யூஸ் கட்டை இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 1956ஆம் ஆண்டு விதிகளே அதைக் கூடாது என்றன.

செலவு யாருடையது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர் பார்க்கட்டும் என்கிறார் கட்டிடக்காரர். கட்டிடம் அவருடையது என்கிறோம் நாம். ஆளுக்குப் பாதி என்பதே முறை என்பது நம் கருத்து. மீட்டரிலிருந்து கடைக்கொரு நியூட்ரல், லைசென்ஸ் உள்ள ஆள் கையால் இழுக்க வேண்டும். நம் கட்டிடத்தில் பாதி கேட்டு வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. பக்கத்துக் கடைக்காரர் பங்கையும் இப்போதைக்கு நாமே போட்டிருக்கிறோம். மூன்றாவது கடைக்காரர் தீபாவளி கழியட்டும் என்கிறார்.