கைக்கு அடங்கும் யுத்த விமானம்

இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து எண்பது வருஷங்கள் கடந்துவிட்டன. அந்த யுத்தத்தில் பறந்த விமானங்களில் பெரும்பாலானவை கடலிலும் காட்டிலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் மறைந்து போயின. ஆயினும் உலகெங்கும் எத்தனையோ வீடுகளின் மேஜைகள்மீது அவை இன்றும் புதிதாகப் பிறந்துகொண்டேயிருக்கின்றன. பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூசிச் சிறு விமானங்கள் செய்யும் கலையைத்தான் சொல்லுகிறேன். இதில் மனத்தைப் பறிகொடுத்த சிறுவர்கள் நம் நாட்டிலும் உண்டு. அச்சிறுவர்களைவிட அதிகமாகப் பறிகொடுத்த தகப்பனார்களும் உண்டு.

"கொல்லுகிற யந்திரத்தை வீட்டில் வைத்துக் கொண்டாடுவதா? மகாத்மா பிறந்த நாட்டுக்கு இது அடுக்குமா?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன், வேலை எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் பதில் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அளவு. இக்கலையில் மிகப் பழக்கமான அளவு 72-ல் ஒரு பங்கு. ஆறு அடி உயரமுள்ள மனிதன் இதில் ஓர் அங்குலமாகிவிடுகிறான். 1930-களில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற மரப் பெட்டிகள் இந்த அளவைப் பரப்பின. 1936-ல் 'பிராக் பெங்குவின்' என்ற பெட்டிகள் அதையே பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தன. பிறகு யுத்தம் வந்தது, விளையாட்டு, வேலையாயிற்று. 1942-ல் அமெரிக்கக் கடற்படையார் அந்நாட்டுப் பள்ளி மாணவர்களைப் பார்த்து, மரத்தில் ஐந்து லட்சம் சிறு விமானங்கள் செதுக்கித் தரும்படி கேட்டார்கள். வானத்தில் வருவது நண்பனா பகைவனா என்று நிழலுருவைக் கண்டே தெரிந்துகொள்ளச் சிப்பாய்களைப் பழக்குவதற்காக அவற்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசினார்கள். 35 அடி தூரத்தில் பிடித்த சிறு விமானம், 2,520 அடிக்கு அப்பால், அதாவது ஏறக்குறைய அரை மைலில், பறக்கும் உண்மை விமானத்தைப் போலவே கண்ணுக்குத் தோன்றும். அளவின் கணக்கு அப்படி.

உதாரணத்துக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஹாக்கர் கம்பெனியாரின் 'ஹரிக்கேன்'. ஸிட்னி காம் என்பவர் வகுத்தது. 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இறக்கையின் முழு நீளம் 40 அடி. நம் அளவில் அது ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து திருகிப் பிடுங்கலாகாது. கூரிய கத்தியால் வெட்டி, காம்பு நின்ற இடத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். பசை தொடுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது உத்தமம். பசை என்று நாம் சொல்லும் திரவம் உண்மையில் பசையல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடுவது. ஆகையால் துளியளவு போதும். விமானியின் ஆசனத்துக்கும் கருவிப் பலகைக்கும் வர்ணம் பூசிய பிறகே உடலின் இரு பாதிகளையும் மூட வேண்டும். மூடியபின் உள்ளே தூரிகை நுழையாது. இறக்கைகளைப் பொருத்தியதும் எதிரே நின்று பார்த்து, இருபுறமும் ஒரே சரிவாக மேலேறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். காய்ந்தபின் மூட்டுக்களில் மக்கு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனிக்குக் கோடு தட்டுப்படாதவரையில் மறுபடி தேய்க்க வேண்டும். கண் ஏமாந்து போகலாம், விரல் ஏமாறாது.

வர்ணத்தைக் கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் பலகையின் கோடுகள் மறைந்துபோம். நீர்க்கப் பல தடவை பூசுவதே முறை. விமானத்தின் அசல் வர்ணத்தை அப்படியே பூசினால் சிறு உருவில் அது கறுத்துக் காண்பதால், சிறிது வெளிறிய வர்ணமே பொருந்தும். பிறகு வட்டங்களையும் எழுத்துக்களையும் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிறோம். மங்கலான வர்ணத்தின் சொரசொரப்பில் நேரே ஒட்டினால் காற்று அடியில் சிக்கி வெள்ளி போல் பளபளக்கும். ஆகவே முன்னால் ஒரு தடவை பளபளப்பான வார்னிஷ். ஒட்டி உலர்ந்தபின் அதன்மேல் மங்கலான வார்னிஷ்.

இதுவரையில் கைத்திறமை. இனிமேல்தான் விஷயம் சரித்திரத்துக்குள் நுழைகிறது.

1944-ம் வருஷம் இம்பாலை ஜப்பானியர் முற்றுகையிட்டபோது, அங்கிருந்து பறந்த ஹரிக்கேன்களில் இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவையும் இருந்தன. அதன் தலைவர் அர்ஜன் சிங். 2002-ல் விமானப்படையின் மார்ஷல் பதவியை அடைந்தவர். அந்த விமானத்தைச் செய்ய விரும்பும் சிறுவன், பெட்டியிலுள்ள இங்கிலாந்துச் சின்னத்தை எடுத்து ஒட்டினானாகில் பிசகு. சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற அந்த வட்டத்திலிருந்து கிழக்குப் போர்முனையில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். ஜப்பானியருடைய சின்னம் சிவந்த சூரிய வட்டம். அவசரத்தில் சிவப்பைக் கண்ட பீரங்கிக்காரன் தன் தோழனையே சுட்டு வீழ்த்திவிடக்கூடும். எனவே அங்கே நீலத்துக்குள் வெளிறிய நீலந்தான். விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வட்டத்தின் நிறத்தில் ஒரு மனிதனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது!

பழுதும் அழுக்கும் காட்டுவதிலும் இதே நியாயந்தான். வர்ணம் உதிர்ந்து உலோகம் தெரிவதுபோல் ஆங்காங்கே வெள்ளிப் புள்ளி வைப்பதில் பலருக்கும் ஆசை. விமானியும் தொழிலாளிகளும் ஏறி மிதிக்கும் இறக்கையின் அடியில் வைக்கலாம். ஆனால் ஹரிக்கேனின் உடலில், விமானியின் ஆசனத்துக்குப் பின்புறம் பக்கங்களில் இருப்பது தகடல்ல. மரச் சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணி. துணி கிழியும்; வெள்ளியாகப் பளிச்சிடாது. அங்கே வெள்ளிப் புள்ளி வைப்பவன் விமானத்தை அலங்கரிக்கிறானேயன்றி அறிந்துகொள்ளவில்லை.

இவ்விதம் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போகிறவன், கடைசியில் ஒரு கேள்வியின் முன்னால் வந்து நிற்பான். அந்த இந்திய விமானிகள் யார்மீது பறந்தார்கள்? கீழே ஜப்பானியருடன் நேதாஜியின் இந்திய தேசியப் படையும் இருந்தது. 1944 ஏப்ரலில் மணிப்பூரின் மொய்ராங்கில் அப்படையினர் கொடி ஏற்றினார்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களை விட்டு அப்படையில் சேர்ந்த தமிழர்கள் அநேகர். மேலே சென்றவனும் இந்தியன். கீழே பசியோடும் காய்ச்சலோடும் நடந்தவனும் இந்தியன். இருவரில் எவனையும் கேட்டுக்கொண்டு அந்த யுத்தம் ஆரம்பிக்கவில்லை. நம் தேசத்தின் சம்மதமின்றி நம்மை யுத்தத்தில் சேர்த்ததற்காகத்தான் 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. இங்கிலாந்தின் 264-ம் ஸ்குவாட்ரனுக்கு 'மதராஸ் ராஜதானி' என்றே பெயர். நம் ராஜதானியிலிருந்து போன நன்கொடையால் வந்த பெயர் அது. அவர்கள் ஓட்டியது 'டிபையன்ட்' என்ற இருவர் விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒன்றுமில்லை. 1940 மே மாதம் டன்கர்க்கின்மேல் வெற்றி கொண்டாடிய அந்த ஸ்குவாட்ரன், ஆகஸ்டில் பெருஞ்சேதமடைந்து இரவுப் போருக்கு மாற்றப்பட்டது. நம் பெயரைச் சுமந்த ஸ்குவாட்ரனில் எத்தனை வாலிபர்கள் மாண்டார்கள் என்று நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 'பி.எஸ்.' என்ற இரண்டு எழுத்துக்களை ஒரு டிபையன்டின் பக்கத்தில் ஒட்டும் சிறுவனாவது நினைக்கட்டுமே!

ஆகையால் தாய்மார்களுக்கு என் பதில் இதுதான். பெட்டியின் மேலுள்ள வர்ணப் படத்தைக் கண்டு, நெருப்பும் புகையும் வீரமுந்தான் யுத்தம் என்று நினைத்து விளையாடுகிற பிள்ளையைத் தடுங்கள். அந்த விளையாட்டில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் இது யாருடைய விமானம், எந்த வருஷம், எந்த ஊர், ஏன் இந்த நிறம் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பொய்யாக ஒரு புள்ளியும் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவன் யுத்தத்தைக் கொண்டாடுகிறவனல்லன். அவன் சத்தியத்தைப் பழகுகிறான்.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். வேலை முடிந்ததும், விமானத்தின் கீழே ஒரு சிறு அட்டை வைத்து, அதில் மேலே பறந்தவன், கீழே நடந்தவன் இருவரைப் பற்றியும் அவன் தன் கையால் இரண்டு வரி எழுத வேண்டும். தமிழில் எழுதட்டும். வர்ணம் உலர்வதற்கு ஓர் இரவு ஆகும். அந்த இரண்டு வரிகளுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.